வலி நிவாரண மருத்துவம் நம்ம பக்கம் வந்த வழி

"இனி செய்ய ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

புற்றுநோய் முற்றிய ஒருவரை வைத்துப் பார்த்த குடும்பங்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர்கள் குறைவு. சொல்பவர் கல்நெஞ்சக்காரர் என்று அர்த்தமில்லை. அவர் படித்த படிப்பு அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் நோயாளிக்கு அங்கே எதுவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு வலி இருக்கிறது, வாந்தி இருக்கிறது, படுக்கைப்புண் இருக்கிறது, ராத்திரி தூக்கம் இல்லை. சில சமயம் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்.

நோயைக் குணமாக்க முடியாமல் போகலாம். ஆனால் செய்ய நிறைய இருக்கிறது என்பதை மருத்துவ உலகம் கண்டுபிடித்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த அறிவு லண்டனில் தொடங்கி மாண்ட்ரியல், மிலான், ஜெனீவா, ஆக்ஸ்ஃபோர்டு, விஸ்கான்சின் என்று சுற்றி, கோழிக்கோடு வழியாக நம்ம பக்கம் வந்திருக்கிறது. அதைச் சுமந்துகொண்டு வந்தவர்கள் யார், வழியில் எங்கே மாட்டிக்கொண்டது, திருப்பரங்குன்றத்தில் ஒரு வீட்டுக் கதவு வரைக்கும் வந்து சேர இன்னும் என்ன பாக்கி? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் பாலியேட்டிவ் கேர். நம்ம அரசு ஆவணங்களில் வலி நிவாரணம், நோய் ஆதரவு சிகிச்சை என்றெல்லாம் வருகிறது. மூலச்சொல் லத்தீனில் 'பாலியம்'. மேலே போர்த்திக்கொள்ளும் ஆடை என்று பொருள். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். குளிரில் நடுங்குது என்று நினைத்து மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் நம்ம பக்கத்துப் பழனி மலைக்காரன்தானே. குளிரை மாற்ற முடியாது, போர்த்திவிட முடியும். பாலியேட்டிவ் மருத்துவத்தின் அடிப்படை அதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது சாகப்போகிறவர்களுக்கு மட்டுமான மருத்துவம் இல்லை. புற்றுநோய்க்கு மட்டுமானதும் இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்கள், பக்கவாதத்தில் படுத்தவர்கள், மூச்சுத்திணறலோடு வாழும் நுரையீரல் நோயாளிகள், மறதி நோய் வந்த முதியவர்கள் எல்லோருக்கும் இது தேவைப்படும். மற்ற சிகிச்சைகளை நிறுத்திவிட்டுத்தான் இதைத் தொடங்கணும் என்றும் இல்லை, இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

ஐந்நூறு பவுண்டும் ஒரு ஜன்னலும்

நவீன பாலியேட்டிவ் மருத்துவத்தின் கதை சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணியிடம் தொடங்குகிறது (1918-2005). முதலில் நர்ஸ். முதுகுவலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவமனை சமூகப் பணியாளர் ஆனார். அந்த வேலையில் இருந்தபோதுதான் டேவிட் டாஸ்மா என்ற நோயாளியைச் சந்தித்தார். போலந்திலிருந்து வந்த யூத அகதி, லண்டனில் சொந்தம் என்று யாரும் இல்லை, புற்றுநோய் முற்றிவிட்டது. இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு இடம் எப்படி இருக்கணும் என்று இருவரும் நிறையப் பேசினார்கள். 1948-ல் அவர் இறந்தபோது சாண்டர்ஸுக்கு 500 பவுண்டு விட்டுச் சென்றார், நீங்கள் கட்டப்போகும் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி.

அந்த வீடு உடனே வந்துவிடவில்லை. நார்மன் பாரட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் சாண்டர்ஸிடம், இந்த நோயாளிகளைக் கைவிடுவது டாக்டர்கள்தான், அதனால் நீ டாக்டருக்கே படி என்ற பொருளில் அறிவுரை சொன்னார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு மருத்துவம் படித்து 1957-ல் டாக்டர் ஆனார். பிறகு செயின்ட் ஜோசப் ஹாஸ்பிஸில் நோயாளிகளின் வலியைத் தொடர்ந்து குறிப்பெடுத்தார்.

அவர் கவனித்தது கேட்க எளிமையானது. அப்போதைய பழக்கம், நோயாளி வலி தாங்காமல் கத்தினால் ஊசி போடுவது. ஊசி தீர்ந்ததும் திரும்ப வலி, திரும்பக் கத்தல். சாண்டர்ஸ் மார்ஃபின் மருந்தை வாய் வழியாக, மணிக்கணக்கு வைத்து, வலி திரும்பி வருவதற்கு முன்பே கொடுத்தார். நோயாளிகள் மயங்கிக் கிடக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தார்கள், பேசினார்கள், சாப்பிட்டார்கள்.

இன்னொரு கண்டுபிடிப்பு, வலி உடம்பில் மட்டும் இல்லை என்பது. வீட்டுக் கடன், கல்யாணமாகாத மகள், பேசாமல் போன அண்ணன், 'எனக்கு ஏன் இப்படி' என்ற கேள்வி, இவை எல்லாமே வலியின் பகுதி. இதை அவர் 'முழு வலி' என்று அழைத்தார். நர்ஸாகவும் சமூகப் பணியாளராகவும் டாக்டராகவும் இருந்த ஒருவருக்குத்தான் இது தெரிய வந்தது என்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் திறக்கப்பட்டது. டாஸ்மாவின் ஜன்னல் அங்கே இருக்கிறது.

எளிய மருந்து, எளிய ஏணி

ஒரு நல்ல விஷயம் ஒரு கட்டடத்தில் நடப்பது வேறு, அது உலகத்துக்குப் பரவுவது வேறு. செயின்ட் கிறிஸ்டோபர் தொடக்கத்திலிருந்தே கற்பிக்கும் இடமாகவும் இருந்தது. வெளிநாட்டு மருத்துவர்களும் நர்ஸ்களும் வந்து தங்கிப் படித்தார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நர்சிங் பள்ளித் தலைவராக இருந்த ஃப்ளாரன்ஸ் வால்ட் அப்படிக் கற்றவர்களில் ஒருவர், அமெரிக்காவில் ஹாஸ்பிஸ் இயக்கம் அவர் வழியாக வந்தது. கனடாவிலிருந்து 1973-ல் வந்த பால்ஃபர் மவுண்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், திரும்பிப் போய் 1975-ல் மாண்ட்ரியலின் ராயல் விக்டோரியா மருத்துவமனைக்குள்ளேயே ஒரு பிரிவைத் தொடங்கினார். ஃப்ரெஞ்சு பேசும் ஊரில் 'ஹாஸ்பிஸ்' என்றால் அனாதை விடுதி மாதிரி ஒலிக்கும். அதனால் அவர் வைத்த பெயர்தான் 'பாலியேட்டிவ் கேர்'. ஊருக்கு ஏற்ற மாதிரி பெயர் மாறியது இது முதல் தடவை.

மூன்றாவது பெயர் ராபர்ட் ட்வைகிராஸ். செயின்ட் கிறிஸ்டோபரில் ஆய்வாளராக இருந்தவர், பிறகு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். இவருடைய 1970-களின் ஆய்வு பலருக்குத் தெரியாது, ஆனால் நம்மைப் போன்ற நாடுகளுக்கு மிக முக்கியமானது. இங்கிலாந்தில் அப்போது வலிக்கு ஹெராயினை மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதுதான் உசத்தி என்ற நம்பிக்கையும் இருந்தது. பெரும்பாலான நாடுகளில் ஹெராயினை மருந்தாகக்கூடப் பயன்படுத்த முடியாது. வாய்வழியாகக் கொடுக்கும்போது ஹெராயினுக்கும் மார்ஃபினுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று ட்வைகிராஸ் காட்டினார். அந்த முடிவு வேறு மாதிரி வந்திருந்தால், சாண்டர்ஸின் முறை இங்கிலாந்தின் உள்ளூர்ப் பழக்கமாகவே நின்றிருக்கும்.

அடுத்த கட்டம் ஜெனீவா. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவுத் தலைவராக 1980-ல் வந்தவர் யான் ஷெர்ன்ஸ்வார்ட், ஸ்வீடன்காரர். உலகப் புற்றுநோயாளிகளில் பெரும்பகுதி ஏழை நாடுகளில், மருத்துவமனைக்கு வரும்போதே முற்றிய நிலையில் வருகிறார்கள், அவர்களுக்கு வலி நிவாரணம்தான் நடைமுறையில் செய்யக்கூடிய முதல் காரியம் என்பது அவர் கணக்கு. 1982-ல் மிலானில் வலி நிபுணர்களைக் கூட்டினார். அதன் விளைவாக 1986-ல் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. அதில்தான் 'மூன்று படி ஏணி'. லேசான வலிக்குப் பாராசிட்டமால் வகை. அது போதாவிட்டால் கோடீன் வகை. அதுவும் போதாவிட்டால் மார்ஃபின். ஊசியாக இல்லாமல் வாய் வழியாக, கேட்கும்போது கொடுக்காமல் கடிகாரப்படி, ஏணிப்படி. இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அந்தப் புத்தகம் போனது.

மென்பொருள் வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் பிடித்தது, ஒரு நிபுணரின் மூளைக்குள் இருந்ததை யாரும் பின்பற்றக்கூடிய நெறிமுறையாக மாற்றியதுதான். கிராமத்து டாக்டர்கூட ஒரு பக்கத்தில் படித்துச் செய்யலாம். தேவையான இயந்திரம் எதுவும் இல்லை. மாத்திரை, கடிகாரம், அளவை ஏற்றி இறக்கத் தெரிந்த ஒருவர். கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து, ஏன்னா மார்ஃபின் சாப்பிடுகிறவர்களுக்கு அது அநேகமாக வரும்.

இதோடு உலக சுகாதார நிறுவனம் நாடுகளுக்கு மூன்று அடிப்படைகளையும் சொன்னது: அரசின் கொள்கை, மருந்து கிடைப்பது, மருத்துவர்களுக்கும் மக்களுக்கும் கல்வி. மூன்று கல் அடுப்பு மாதிரி. ஒரு கல் இல்லாவிட்டாலும் பானை நிற்காது. இந்தியாவில் எந்தக் கல் விழுந்தது என்று இனி பார்ப்போம்.

ஓபியம் விளையும் நாட்டில்

மார்ஃபின் ஓபியத்திலிருந்து வருகிறது. மருந்துக்காக அரசு உரிமத்தோடு ஓபியம் எடுக்கும் நாடு இந்தியா. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் கசகசாச் செடி உரிமம் பெற்ற விவசாயிகளால் பயிரிடப்படுகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. காஜிப்பூர் தொழிற்சாலை கிழக்கிந்திய கம்பெனி காலத்தது. காலங்காலமாக நம் ஓபியத்தின் பெரும்பகுதி வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு ஏற்றுமதியானது. அங்கே அது மாத்திரையானது, அங்குள்ள நோயாளிகள் வலியில்லாமல் தூங்கினார்கள்.

இங்கே என்ன நடந்தது? ஏணிப் புத்தகம் வருவதற்கு ஒரு வருஷம் முன்பு, 1985-ல், போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தலைத் தடுப்பது அதன் நோக்கம், நியாயமான நோக்கம்தான். ஆனால் தண்டனை கடுமை: குறைந்தது பத்து வருஷம் சிறை. சின்ன எழுத்துப்பிழைகூட ஜெயிலில் கொண்டுபோய் விடுமோ என்று மருந்துக்கடைக்காரரும் மருத்துவமனையும் பயந்தார்கள். போதாக்குறைக்கு மார்ஃபினை வைத்திருக்க, வாங்க, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோக என்று தனித்தனி உரிமங்கள். கொடுப்பது வேறு வேறு துறைகள். எல்லா உரிமமும் ஒரே நேரத்தில் செல்லுபடியாக இருந்தால்தான் மருந்து வரும். கடைசி உரிமம் கைக்கு வரும்போது முதல் உரிமம் காலாவதி ஆகியிருக்கும்.

விளைவு, அடுத்த பன்னிரண்டு வருஷத்தில் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. 1997-ல் இந்தியா முழுக்கப் பயன்பட்டது சுமார் 18 கிலோ. ஒரு நோயாளிக்கு நாளைக்கு 60 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்குச் சுமார் 5.4 கிராம். 18 கிலோவை வகுத்தால் 3,300 பேர் சொச்சம். மொத்த இந்தியாவுக்கும்! மதுரை மாவட்டத்துக்கே போதுமா என்று கேட்க வேண்டிய அளவு.

எனக்கு இது வெறும் எண் இல்லை. என் பெரியம்மா ஹார்விபட்டியில் இருந்தார். கன்னத்தில் புற்று. கடைசி இரண்டு மாதம் ஒரு துண்டை வாயில் கடித்துக்கொண்டு படுத்திருப்பார், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதாம். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு நானும் அண்ணனும் பைக்கில் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடையில் சீட்டைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் இங்க வராது சார், வேற மாத்திரை எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார்கள். வலி மாத்திரை கிடைக்காததற்கும் 1985-க்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது.

கோழிக்கோட்டில் ஒரு அறை

இந்தியாவில் முதல் ஹாஸ்பிஸ் 1986-ல் மும்பையில் திறக்கப்பட்ட சாந்தி அவேத்னா. புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணர் எல்.ஜே. டி சூசா தொடங்கியது. கருணையோடு நடத்தப்படும் இடம். ஆனால் ஒரு கட்டடத்தில் எத்தனை கட்டில் போட முடியும்? நம் நாட்டின் அளவுக்கு வேறு வழி தேவைப்பட்டது.

கில்லி பர்ன் என்ற ஆங்கிலேய நர்ஸ், 1990-ல் 'கேன்சர் ரிலீஃப் இந்தியா' என்ற சிறிய அமைப்பைத் தொடங்கினார். அவர் ஊர் ஊராகப் போய் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் வலி நிவாரணத்தைக் கற்பித்தார், ஆர்வம் காட்டியவர்களை ஆக்ஸ்ஃபோர்டில் ட்வைகிராஸின் பயிற்சிக்கு அனுப்ப வழி செய்தார். அப்படி அவருடைய பாடத்தைக் கேட்டவர்களில் ஒருவர் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் துறையில் இருந்த எம்.ஆர். ராஜகோபால்.

1993-ல் ராஜகோபாலும், இளைய மருத்துவர் கே. சுரேஷ்குமாரும், தன்னார்வலர் அசோக்குமாரும் சேர்ந்து வலி மற்றும் பாலியேட்டிவ் சங்கத்தைத் தொடங்கினார்கள். மருத்துவக் கல்லூரியில் ஒரு அறையில் புறநோயாளிப் பிரிவு. வெளிநோயாளியாக வருவார்கள், மார்ஃபின் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஹாஸ்பிஸ் மாதிரி உள்ளே படுக்க வைக்கவில்லை. அடுத்த வருஷம், 1994-ல், இந்திய பாலியேட்டிவ் கேர் சங்கம் நாடு தழுவிய அளவில் உருவானது. கோழிக்கோட்டு முயற்சியை உலக சுகாதார நிறுவனம் ஒரு முன்மாதிரித் திட்டமாக எடுத்துக்கொண்டது.

ஆனால் மாத்திரை? இங்கேதான் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் வருகிறது. அங்கே டேவிட் ஜோரன்சன் என்பவர் தலைமையில் வலிக் கொள்கை ஆய்வுக் குழு ஒன்று இருந்தது. அவர்கள் படிப்பது நாடுகளின் சட்டங்களை. மருந்து ஏன் நோயாளியிடம் போகவில்லை, எந்தப் பிரிவு, எந்த விதி தடுக்கிறது என்று நூல் பிடித்துப் பார்ப்பார்கள். ராஜகோபாலும் ஜோரன்சனும் சேர்ந்து மாநில அதிகாரிகள், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, கலால் துறை, டாக்டர்கள் எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கும் பட்டறைகளை நடத்தினார்கள். பல உரிமங்களுக்குப் பதில், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனத்துக்கு ஒரே அனுமதி என்ற எளிய மாதிரி விதியை மத்திய அரசு 1998-ல் மாநிலங்களுக்கு அனுப்பியது.

அடுத்த பயம், மாத்திரை வீட்டுக்குப் போனால் போதைக்குத் திருடப்படாதா என்பது. அதற்குப் பதில் 2001-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. கோழிக்கோட்டில் இரண்டு வருஷத்தில் வாய்வழி மார்ஃபின் பெற்ற 1,723 நோயாளிகளின் விவரத்தை ராஜகோபாலும் விஸ்கான்சின் குழுவும் ஆராய்ந்தார்கள். மருந்து வெளியே கசிந்ததாக ஒரு சம்பவம்கூடத் தென்படவில்லை. இந்தியாவில் சேகரித்த தரவு, அமெரிக்கச் சட்ட ஆய்வாளர்கள், லண்டன் இதழ். டெல்லியில் ஒரு அதிகாரி மேஜையில் வைத்துப் பேசக்கூடிய ஆதாரம் அப்படித்தான் உருவானது.

சட்டம் முழுதாக மாற இன்னும் பதிமூன்று வருஷம் ஆனது. 2014-ல் திருத்தம் நிறைவேறியது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்ற வகைக்குள் வந்தன. இவற்றுக்கு இனி நாடு முழுவதும் ஒரே விதி, மாநிலத்துக்கு ஒன்று இல்லை. அதே 2014 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, எல்லா நாடுகளும் பாலியேட்டிவ் சிகிச்சையைத் தங்கள் மருத்துவ அமைப்பில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

மலப்புரம் திருப்பிக் கொடுத்தது

இதுவரைக்கும் கதை மேற்கிலிருந்து கிழக்கே வருகிறது. 2000-த்தை ஒட்டி அது திசை மாறுகிறது.

மருத்துவக் கல்லூரிக்கு வர முடிந்தவர்கள்தான் அந்த அறைக்கு வந்தார்கள். வர முடியாதவர்கள்? மலப்புரம் மாவட்டத்தில் சுரேஷ்குமாரும் மற்றவர்களும் அக்கம்பக்கத்தாரையே அமைப்பாக்கினார்கள். ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், கடைக்காரர், இல்லத்தரசி என்று யாராக இருந்தாலும் பதினாறு மணி நேரப் பயிற்சியும் கொஞ்சம் களப் பயிற்சியும் பெற்றுத் தன்னார்வலர் ஆகலாம். தெருவில் யார் படுத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நர்ஸ் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார், தேவையென்றால் டாக்டர். பணம் ஊருக்குள்ளேயே சில்லறையாக வசூல். அந்த வீட்டுக்கு அரிசி இல்லையென்றால் அதையும் இவர்களே பார்த்துக்கொள்வார்கள். சாண்டர்ஸ் சொன்ன 'முழு வலி'யை ஒரு ஹாஸ்பிஸ் குழு பார்ப்பதைவிட ஒரு தெரு பார்ப்பது எவ்வளவு இயல்பு என்று யோசித்துப் பாருங்க.

2008-ல் கேரள அரசு பாலியேட்டிவ் கொள்கையை அறிவித்தது. பஞ்சாயத்துகள் வீட்டுப் பராமரிப்பு நர்ஸை வைக்க ஆரம்பித்தன. இன்று அங்கே 'பாலியேட்டிவ்' என்பது பாட்டிமார் வாயிலும் வரும் சொல். கோழிக்கோட்டுக்கு வெளிநாட்டிலிருந்து கற்கவும் ஆட்கள் வருகிறார்கள்.

வந்தவர்கள் எப்படி வந்தார்கள்

சர்வதேச ஒத்துழைப்பு என்றாலே நமக்குக் கட்டடம், கருவி, நாடா வெட்டுவது என்றுதான் நினைவுக்கு வரும். மேலே சொன்னதைத் திரும்பப் பாருங்க. கில்லி பர்ன் கட்டடம் கட்டவில்லை. ட்வைகிராஸ் ஒரு ஸ்கேன் இயந்திரம் அனுப்பவில்லை. ஜோரன்சன் சட்டப்பிரிவுகளைப் படித்தார். கைமாறியது எல்லாம் தொழில் அறிவு. அது ஒரே தொழில் செய்கிற இருவருக்கு இடையே, பல வருஷம் நீடித்த பழக்கத்தில் கைமாறியது.

2010-ல் தொடங்கிய 'ஹம்ராஹி' திட்டம் இதற்கு நல்ல உதாரணம். ஹம்ராஹி என்றால் கூட நடப்பவர். ராஜகோபால் 2003-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பாலியம் இந்தியாவும், ஆஸ்திரேலியாவின் ஒடெட் ஸ்ப்ரைட் முதலானவர்களின் அமைப்பும் சேர்ந்து நடத்தியது. ஒரு ஆஸ்திரேலிய டாக்டரும் நர்ஸும் இந்தியாவில் புதிதாகத் தொடங்கிய ஒரு மையத்தோடு ஜோடி சேர்வார்கள். நேரில் வந்து சில நாள் கூட வேலை செய்வார்கள், ஊருக்குப் போன பிறகும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வார்கள். தனியாக ஒரு சின்ன ஊரில் இந்த வேலையைத் தொடங்கும் டாக்டருக்கு மருந்தைவிடப் பெரிய பற்றாக்குறை, "இந்த டோஸ் சரியா?" என்று கேட்க ஒரு ஆள்.

அதையே இப்போது திரை வழியாகவும் செய்கிறார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் அரோரா 2003-ல் கல்லீரல் நோய்க்காகத் தொடங்கிய 'எக்கோ' முறையில், நிபுணர்களும் தொலைதூர டாக்டர்களும் வாராவாரம் வீடியோவில் கூடி நிஜ நோயாளிகளின் நிலைமையைப் பேசுவார்கள். பாலியம் இந்தியா இதை பாலியேட்டிவ் பயிற்சிக்குப் பயன்படுத்துகிறது.

மதுரைக்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. 1976-ல் பதினொரு படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அமெரிக்காவின் சேவா ஃபவுண்டேஷன் தோள் கொடுத்தது. 1992-ல் அரோலேப் வந்து கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே செய்யத் தொடங்கியதும் விலை பல மடங்கு இறங்கியது. வெளியிலிருந்து வந்தவர்கள் கற்றுக்கொடுத்தார்கள், நம்ம ஆட்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். கண்ணுக்கு நடந்தது வலிக்கும் நடக்க முடியும்.

திருப்பரங்குன்றத்திலிருந்து பார்த்தால்

இப்போது அந்த மூன்று கல்லை நம்ம ஊரில் வைத்துப் பார்ப்போம்.

முதல் கல், கொள்கை. 2012-ல் மத்திய அரசின் தேசியப் பாலியேட்டிவ் திட்டம், 2014-ல் சட்டத்திருத்தம், 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்'. கடைசித் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் மட்டுமில்லை, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வரும் நோய் ஆதரவு சேவையும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. இது பலருக்குத் தெரியாது. காகிதத்தில் இந்தக் கல் இருக்கிறது.

இரண்டாவது கல், கல்வி. 2010-ல் பாலியேட்டிவ் மருத்துவம் எம்.டி. படிப்பாக அங்கீகாரம் பெற்றது. மதுரையிலேயே ஐஸ்வர்யம் அறக்கட்டளையின் நேத்ராவதி மையம் போல இந்த வேலையைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் குடும்ப டாக்டர் அளவுக்கும் பொதுமக்கள் அளவுக்கும் இது இறங்கினால்தான் பயன். மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டதும் "அது கடைசி ஊசியாச்சே, கொடுத்தா உயிர் போயிரும்" என்று பயப்படும் சொந்தக்காரர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. தெரிந்த டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை, வலிக்காகச் சாப்பிடுபவர் போதைக்கு அடிமையாவதும் அரிது. இந்த இரண்டு செய்திகளையும் ஊரில் பரப்ப எந்த உரிமமும் வேண்டாம்.

மூன்றாவது கல், மருந்து. இதுதான் இன்னும் ஆடுகிறது. லான்செட் ஆணையம் 2017-ல் போட்ட கணக்கின்படி, உலகில் ஆண்டுக்கு விநியோகமாகும் மார்ஃபின் வகை மருந்து 298.5 டன், அதில் மிக ஏழை நாடுகளுக்குப் போனது 0.1 டன். கடும் உடல் துன்பத்தோடு வாழ்ந்தவர்கள் ஆறு கோடிக்கும் மேல், பெரும்பாலோர் நம்மைப் போன்ற நாடுகளில். இந்தியாவில் சட்டம் எளிதாகிவிட்டது, ஆனால் அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிக்கும் மருத்துவமனை இருந்தால்தான் மருந்து வரும். கேட்பவர்கள் இல்லாத ஊருக்கு எந்தச் சட்டமும் மாத்திரை கொண்டுவராது.

நம்ம பகுதிக்கு ஒரு பின்னணி இருக்கிறது. தோப்பூர் ஆஸ்டின்பட்டியில் காசநோய்க்காரர்களை ஊருக்கு வெளியே வைத்துப் பார்க்கக் கட்டிய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, தலைமுறைகளாக மூச்சுக்கு ஏங்குபவர்களைப் பார்த்து வந்திருக்கிறது. அதே தோப்பூரில்தான் 2019 ஜனவரி 27-ல் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டினார்கள், ஜப்பானின் ஜைக்கா கடனுதவியோடு. வரட்டும், நல்லது. ஆனால் கோழிக்கோடு நமக்குச் சொல்வது, பெரிய கட்டடத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதைத்தான். அங்கே தொடங்கியது ஒரு அறையில். இங்கேயும் ஒரு பயிற்சி பெற்ற டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு அங்கீகாரம், திருநகரிலும் ஹார்விபட்டியிலும் நிலையூரிலும் தெருவுக்கு இரண்டு தன்னார்வலர் இருந்தால் போதும்.

குன்றின் மேலே சமணத் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகள் இருப்பது இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குத் தெரியும். அங்கே உள்ள தமிழிக் கல்வெட்டு, எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் பொலாலையன் என்பவரின் கொடையைச் சொல்கிறது. கடல் கடந்த தொடர்புள்ள ஒருவர் இங்கே அறிமுகமில்லாதவர்கள் படுக்க இடம் செய்து கொடுத்தது இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய சங்கதி.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் படுத்திருந்தால் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும் டாக்டரிடம்: "வலிக்கு எந்தப் படியில் இருக்கோம், அடுத்த படிக்குப் போகலாமா?" மருத்துவமனையில்: "மார்ஃபின் கொடுக்க அங்கீகாரம் இருக்கா, இல்லைன்னா பக்கத்துல யாருக்கு இருக்கு?" ஆரம்ப சுகாதார நிலையத்தில்: "மக்களைத் தேடி மருத்துவத்துல நோய் ஆதரவு நர்ஸ் எப்ப எங்க வீட்டுக்கு வருவாங்க?" இந்தக் கேள்விகளைப் பத்துப் பேர் தொடர்ந்து கேட்டால், பதில் சொல்ல யாராவது ஒருவரை நியமித்துத்தான் ஆகணும்.